எந்தத் தேனீ என்று முதலில் சொல்லுங்கள்

தேனீ பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டார். கடிதங்கள் குவிந்துவிட்டன, சந்தோஷம். ஆனால் பாதிக்கு மேல் ஒரே குறை: எல்லோரும் வெறும் "தேனீ" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்திலும் மாணவர்களிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: எந்தத் தேனீ?

நம் பக்கம் ஐந்து உண்டு. மரப்பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது இந்தியத் தேனீ. பாறையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ. வேலிக் கொம்பில் சின்னதாகக் கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் ஓட்டையில் குடியிருக்கும், கொட்டத் தெரியாதது கொசுத்தேனீ. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் அதைச் சிறுதேனீ என்போம். ஐந்தாவது, 1962க்குப் பிறகு நாட்டில் வேர்பிடித்த இத்தாலியத் தேனீ. உலகில் வெளியாகும் தேனீ ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஐந்தாவதன் இனத்தை வைத்துச் செய்தவை. அதைப் படித்துவிட்டு முதலாவதற்கு வைத்தியம் பார்ப்பதுதான் பல கடிதங்களில் இருக்கும் சிக்கல்.

சரி, கேள்விகளுக்குப் போவோம்.

எங்கள் ஊரில் செல்போன் டவர் வந்த பிறகு தேனீயே கண்ணில் படுவதில்லை. முன்பு வீட்டுக்கு வீடு பெட்டி இருந்தது. கதிர்வீச்சுதானே காரணம்? ஏன் யாரும் தடை செய்யவில்லை?
*— ஓய்வுபெற்ற தபால்காரர், கருங்கல்*

ஐயா, நீங்கள் சொல்லும் "முன்பு" எனக்கும் தெரியும். என் அப்பா ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருந்தார். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இலை உதிர்ந்து தை மாதம் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும். அதுதான் எங்கள் மாவட்டத்தின் பெரிய அறுவடை.

அந்தப் பெட்டிகள் காலியானது 1991, 92 வாக்கில். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலையில். டவர் வருவதற்கு முன்பே தேனீ போய்விட்டது. காரணம் ஒரு வைரஸ். 1976இல் தாய்லாந்தில் முதலில் கண்டுபிடித்ததால் தாய் சாக்புரூட் வைரஸ் என்று பெயர். அது தென்னிந்தியாவுக்குள் நுழைந்தபோது கேரளத்தில் மட்டும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. ஒட்டிக்கிடக்கும் நம் மாவட்டம் மட்டும் எப்படித் தப்பும்?

அது பெரிய தேனீயைக் கொல்வது குறைவு, புழுவைத்தான் கொல்லும். கூட்டுப்புழுவாக மாறப்போகும் நேரத்தில் தோல் பழைய சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. தலை மேல்நோக்கி வளைந்து கிடக்கும் அந்தப் புழுவை அப்பா ஈர்க்குச்சியால் நெம்பி எடுப்பார். உடையாமல் ஒரு நீர்ப்பையாக வரும். அடுத்த தலைமுறை பிறக்காத பெட்டியில் கிழடுகள் மட்டும் சில வாரம் பறந்துவிட்டு ஒழியும், இல்லாவிட்டால் கூட்டத்தோடு பெட்டியைவிட்டு ஓடிவிடும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு "திடீரென்று காணாமல் போச்சு" என்றுதான் தோன்றும்.

மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ராணியைச் சில வாரம் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினால் நோய்ச் சங்கிலி அறும். அப்புறம், சாகாமல் மிஞ்சிய குடும்பங்களிலிருந்து ராணி வளர்ப்பது. எங்கள் பக்கம் தேனீ வளர்ப்பு மறுபடி எழுந்ததற்கு மிஞ்சிய குடும்பங்கள் முக்கியமான காரணம். இத்தாலியத் தேனீயை இந்த வைரஸ் அந்த அளவுக்கு வாட்டுவதில்லை. அதனால்தான் அந்தக் காலத்துக்குப் பிறகு பலர் அதற்கு மாறினார்கள்.

டவர் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் லாண்டாவ் பல்கலைக்கழகத்தார் வீட்டுக் கார்ட்லெஸ் போனின் அடிப்பெட்டியைத் தேன்கூட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து ஒரு சிறு சோதனை செய்தார்கள். 2007இல் ஒரு லண்டன் செய்தித்தாள் அதைச் செல்போன் என்று எழுதியது. உலகம் சுற்றி வந்துவிட்டது. பெட்டிக்குள் போனை வைப்பதும் தெருமுனையில் டவர் நிற்பதும் ஒன்றல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டவரை விட்டுவிட்டு அதன் அடியில் ஓடும் போக்குவரத்தைப் பார்ப்பேன். பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தார் காற்று மாசு வெவ்வேறு அளவில் உள்ள வட்டாரங்களில் பூவுக்கு வந்த மலைத்தேனீக்களைப் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். மாசு மிகுந்த இடங்களில் பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் செத்துவிட்டன. உடம்பில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த தூசி. இது 2020இல் வந்த ஆய்வு. எங்கோ வெளிநாட்டில் நடந்ததல்ல, நம் தேனீயை வைத்து நம் பக்கத்து ஊரில் செய்தது. இதைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை.

யூடியூபில் எல்லோரும் வர்ரோவா உண்ணி என்று பயமுறுத்துகிறார்கள். என் இந்தியத் தேனீப் பெட்டிகளுக்கு ஆக்சாலிக் அமிலம் வைக்கலாமா?
*— தேனீ வளர்க்கும் இளைஞர், சிறுமலை*

வேண்டாம் தம்பி. அந்த உண்ணி ஆதியில் உங்கள் பெட்டியில் இருக்கும் இனத்தின் ஒட்டுண்ணிதான். வர்ரோவா என்ற பெயரில் ஓர் உண்ணியை 1904இல் முதலில் விவரித்தது ஜாவாவில், இந்தியத் தேனீ இனத்திலிருந்து எடுத்து. இன்று உலகை ஆட்டிப்படைக்கும் உண்ணி அதன் நெருங்கிய உறவு, தனி இனம் என்று 2000இல்தான் பிரித்தார்கள். அதுவும் ஆசியத் தேனீயிடமிருந்து (நம் இந்தியத் தேனீயின் இனம்) ஐரோப்பியத் தேனீக்கு (இத்தாலியத் தேனீயின் இனம்) தாவியதுதான்.

நம் தேனீ இதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. உண்ணி ஏறினால் ஒன்றையொன்று தடவிப் பிடித்து எறிகின்றன. வேலைக்காரப் புழுவின் அறைக்குள் உண்ணி நுழைந்தால் அந்தப் புழு தாங்காமல் சீக்கிரம் செத்துவிடுகிறது. உடனே மற்றவை புழுவோடு உண்ணியையும் இழுத்து வெளியே போட்டுவிடுகின்றன. பலவீனமாக இருப்பதே குடும்பத்துக்குக் காவல் ஆகிறது. அதனால் உண்ணி ஆண்தேனீ அறைகளில் மட்டும்தான் பெருக முடிகிறது, அந்த அறைகளும் வருஷத்தில் கொஞ்ச காலம்தான் இருக்கும். இத்தாலியத் தேனீயின் புழுவோ உண்ணியையும் சுமந்துகொண்டு தாக்குப்பிடித்து வளர்கிறது. வினை அங்கேதான்.

இன்னொன்று, இந்த உண்ணி தேனீயின் ரத்தம் குடிக்கிறது என்றுதான் ஐம்பது வருஷம் போலப் பாடம் நடத்தினோம். சாமுவேல் ராம்சே என்ற ஆய்வாளர் தேனீயின் ரத்தத்துக்கு ஒரு சாயம், கொழுப்புத் திசுவுக்கு வேறொரு சாயம் ஏற்றி, உண்ணியின் வயிற்றில் எந்த நிறம் சேர்கிறது என்று பார்த்தார். 2019இல் வெளியிட்டார்: பெரும்பாலும் கொழுப்புத் திசு. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலைகளில் பலவற்றைத் தேனீக்கு அந்தத் திசு செய்கிறது. நஞ்சை முறிப்பதும் நோயை எதிர்ப்பதும் அதில் அடக்கம். கொஞ்சம் உண்ணி ஏறினாலே குடும்பம் ஏன் இவ்வளவு சாய்கிறது என்பது அதற்குப் பிறகுதான் பிடிபட்டது.

உங்கள் பெட்டியில் பார்க்க வேண்டியது எறும்பு, மெழுகுப் பூச்சி, மேலே சொன்ன தாய் சாக்புரூட் வைரஸ். அமிலத்தை இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு விடுங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் நிறுத்திய கார்கள் மேல் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். தொழிற்சாலை ரசாயனம் என்று சிலர் புகார் எழுதச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
*— குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை*

புகார் எழுதும் முன் தலையை நிமிர்த்தி மொட்டை மாடித் தொட்டிக்கு அடியில் பாருங்கள். மலைத்தேனீ அடை இருக்கும். பொட்டு அதன் எச்சம்.

இதே பொட்டு ஒரு காலத்தில் வல்லரசுகளைச் சண்டைக்கு இழுத்தது. 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோசிலும் கம்போடியாவிலும் சோவியத் உதவியோடு பூஞ்சை நஞ்சு தூவப்படுகிறது என்று குற்றம் சாட்டினார். அகதிகள் "மஞ்சள் மழை" என்றார்கள். இலைகளில் மஞ்சள் பொட்டு சாட்சியாகக் காட்டப்பட்டது. ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன் அந்தப் பொட்டுகளைப் பார்த்தபோது உள்ளே நிறைய மகரந்தம். அதுவும் உள்ளீடு காலியான, செரித்து முடித்த மகரந்தம். தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் அவரும் 1984இல் தாய்லாந்து போய், மலைத்தேனீக் கூட்டம் பறந்துபோய் மொத்தமாகக் கழிப்பதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். சீனர்கள் இதே மாதிரி மழையை 1970களிலேயே ஆராய்ந்து தேனீ எச்சம் என்று எழுதி வைத்திருந்தார்கள், யாரும் படிக்கவில்லை. (லாவோசின் மோங் மக்கள் அந்தப் போரில் பட்ட துன்பம் பொய்யல்ல, அந்தப் பொட்டு அதற்குச் சாட்சியாகாது என்பதுதான் விஷயம்.)

ஏன் ஒரே நேரத்தில் போகின்றன? மலேசியாவில் செய்த ஆய்வு ஒன்று, உடல் எடையைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வழி என்கிறது. திறந்த வெளியில் தொங்கும் அடையில் புழுக்களை 35 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டும். கூரையில்லாத வீட்டில் உச்சி வெயில் சும்மாவா?

காரை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தீப்பந்தம் வைத்து விரட்ட ஆள் பிடிக்காதீர்கள். மலைத்தேனீ பருவம் முடிந்தால் தானே இடம் மாறும். அதுவரை மாலையில் தள்ளி நின்று பாருங்கள்: குளவி நெருங்கினால் ஆயிரக்கணக்கானவை அடிவயிற்றைத் தூக்கிக் காட்ட, அடை முழுக்க ஓர் அலை ஓடும். குளவி விலகிவிடும். ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தார் நேபாளம் வரை வந்து படம்பிடித்தது இதைத்தான். உங்களுக்கு லிஃப்டில் ஏறினால் போதும்.

மாடித்தோட்டத்தில் தக்காளி, கத்தரி காய்ப்பிடிக்க ஒரு தேனீப் பெட்டி வாங்கினேன். பூ உதிர்கிறது, தேனீ அந்தப் பூவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெட்டி ஏமாற்றா?
*— வாசகி, மதுரை*

பெட்டி நல்லதுதான் அம்மா, பூதான் வேறு. தக்காளி, கத்தரிப் பூக்களில் தேனே கிடையாது. மகரந்தமும் வெளியே கொட்டிக் கிடக்காது; பைக்குள் பூட்டி, நுனியில் சின்னத் துளை மட்டும். உப்புக் குப்பி மாதிரி, குலுக்கினால்தான் வரும். அதைக் குலுக்கத் தெரிந்தவை வேறு தேனீக்கள். கருவண்டு என்று விரட்டுவீர்களே, மரத்தைத் துளைக்கும் அந்தத் தச்சுத் தேனீ ஒன்று. வயிற்றில் நீலப் பட்டை போட்ட, கூட்டமில்லாமல் தனியாக மண்ணில் குடியிருக்கும் தேனீ இன்னொன்று. பூவைத் தாடையால் கவ்வி, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். 'ங்ங்' என்று சத்தம் மாறும், மகரந்தம் வயிற்றில் கொட்டும். நம் பக்கம் பெட்டியில் வளரும் எந்தத் தேனீக்கும் இந்த வித்தை கிடையாது. ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டுத் தக்காளிக்கு 1980களின் கடைசியிலிருந்து பம்பிள் பீ என்ற வேறோர் இனத்தைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள்.

தக்காளிக்குக் காற்றே ஓரளவு போதும். பூத்த கொத்தைக் காலையில் விரலால் சுண்டிவிடுங்கள். கருவண்டுக்குக் காய்ந்த முருங்கைக் கட்டை ஒன்றை மூலையில் போட்டு வையுங்கள். முருங்கைப் பூவுக்கும் அதுதான் முக்கியமான விருந்தாளி. வெயில் உச்சத்தில் பூ உதிர்வதற்குச் சூடும் காரணம், அதற்குத் தேனீயைக் குறை சொல்லாதீர்கள்.

பெட்டியின் பலன் வேண்டுமென்றால் வெள்ளரி, பாகல், பூசணி போடுங்கள். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; யாராவது மகரந்தத்தைச் சுமந்தே ஆக வேண்டும். இவை காலையில் விரியும். பீர்க்கும் சுரையும் புடலையும் சாயங்காலத்துக்கு மேல் விரியும், அங்கே அந்துப்பூச்சிக்குத்தான் வேலை. மருந்தடிக்கும் அண்டை வீட்டுக்காரர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். வெள்ளரித் தோட்டத்தில் காலை எட்டு மணிக்குத் தெளிப்பது மாதிரி கேடு வேறில்லை.

தேனீ நடனம் எல்லா நாட்டிலும் ஒன்றா? நம் தேனீயும் ஜெர்மன் தேனீயும் பேசிக்கொள்ளுமா?
*— முதுகலை மாணவர், பெங்களூரு*

நீங்கள் இருக்கும் ஊரிலேயே பதில் இருக்கிறது. இரை இருக்கும் இடத்தைக் கூட்டாளிகளுக்குச் சொல்லத் தேனீ ஆடும் ஆட்டம்தான் இந்த நடனம். கார்ல் வான் ஃபிரிஷ் படித்துக் காட்டிய நடனம் (1973இல் நோபல்) ஐரோப்பியத் தேனீயுடையது. செங்குத்தான அடையில் வாலை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும். ஓட்டம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சூரியனிலிருந்து விலகிப் போ என்று அர்த்தம். எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம். கொம்புத்தேனீ கொம்பைச் சுற்றிக் கட்டிய அடையின் தட்டையான மேல்பரப்பில் ஆடும். அதற்கு இந்தச் சாய்வுக் கணக்கே வேண்டாம், நேராக வழியையே காட்டிவிடும்.

2020இல் பெங்களூரில் இந்தியத் தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ மூன்றையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டார்கள். பக்கத்திலேயே இரை தேடும் இந்தியத் தேனீ, ஒரே தூரத்துக்கு அதிக நேரம் ஆட்டுகிறது; நெடுந்தூரம் போகும் மலைத்தேனீ குறைவாக ஆட்டுகிறது. தொலைவு போகிறவள் சுருக்கமாகப் பேசுகிறாள். ஆக வட்டார வழக்கு உண்டு. ஆனால் 2008இல் ஆசிய, ஐரோப்பியத் தேனீக்களை ஒரே குடும்பமாகக் கலந்து வைத்துப் பார்த்தபோது, ஆசியத் தேனீ மற்றதன் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு சரியான இடத்துக்கே போனது.

தூரத்தை எப்படி அளக்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த மண்டயம் சீனிவாசன் குழு, உள்ளே பொடிக்கோலம் ஒட்டிய ஆறு மீட்டர்க் குறுகலான சுரங்கம் வழியாகத் தேனீயை அனுப்பியது. திரும்பி வந்தது ஏறக்குறைய இருநூறு மீட்டர் போனதாக ஆடியது. கண்ணுக்கு முன்னால் எவ்வளவு காட்சி ஓடுகிறதோ அதுதான் அதற்குக் கிலோமீட்டர்க் கல்.

மூத்தவர்களின் ஆட்டத்தைப் பார்க்காமல் வளர்ந்த தேனீக்கள் சொதப்புகின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. திசைப் பிழை பிற்பாடு திருந்தியது. தூரப் பிழை கடைசிவரை போகவில்லை. இது ஐரோப்பியத் தேனீயில். நம்முடையதில் செய்து பார்க்க யாராவது வேண்டும். உங்களுக்கு ஆய்வுத் தலைப்பு கிடைத்துவிட்டது.

பேப்பர் கப் குப்பையில் நிறையத் தேனீ சாகிறது. நான் என்ன செய்ய?
*— டீக்கடைக்காரர், திருமங்கலம்*

நீங்கள் பார்த்தது சரி. உங்கள் மாவட்டத்து ஆய்வாளர்களே 2011இல் எழுதியிருக்கிறார்கள்: ஐந்து கடைகளில் முப்பது நாளில் 25,000க்கும் மேற்பட்ட தேனீக்கள். அடியில் தங்கிய சர்க்கரைக்கு வந்து வழுக்கி மூழ்குகின்றன. மூடியுள்ள தொட்டி வையுங்கள், முடிந்தால் கண்ணாடி டம்ளருக்கே திரும்புங்கள். டீயும் ருசிக்கும்.

தேனீ அழிந்தால் மனிதன் நாலே வருஷத்தில் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னாராமே?
*— வாசகர், தஞ்சாவூர்*

அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் ஊர் நெல்லுக்குத் தேனீ தேவையே இல்லை. கோதுமை, சோளத்துக்கும் அப்படியே. 2007இல் ஒரு கணக்கு எடுத்தார்கள்: உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களில் 87க்கு ஏதோ ஓர் அளவில் பூச்சியோ பறவையோ வௌவாலோ தேவை. சோறு இருக்கும். கூட வைக்கும் காய், பழம், எண்ணெய்தான் குறையும்.

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, ஆனால் தாத்தா உண்டு என்று எங்கள் சார் சொன்னார். உண்மையா?
*— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குலசேகரம்*

உண்மைதான் மக்களே. ராணி, சேர்த்து வைத்த விந்தைக் கலந்து இட்ட முட்டை பெண்ணாகும். கலக்காமல் இட்டது ஆணாகும். போலந்துப் பாதிரியார் யான் ஜெர்சோன் 1845இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஆணுக்கு அம்மா மட்டும். அந்த அம்மாவுக்கு அம்மா, அப்பா இரண்டு பேரும் உண்டு, அதனால் தாத்தா வந்துவிடுகிறார். இப்போது நோட்டில் வரைந்து பார்: ஒரு ஆணுக்குக் கொள்ளுப்பாட்டன் பாட்டிமார் எத்தனை பேர், அதற்கு முந்தைய தலைமுறையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே போ. எண் வரிசையைக் கணக்கு டீச்சரிடம் காட்டு, அவர் சிரிப்பார்.

பெட்டி பக்கம் வாழைப்பழம் தின்னக் கூடாது என்கிறார்களே, மூட நம்பிக்கையா? கொட்டினால் கொடுக்கைக் கிள்ளி எடுக்கலாமா, சுரண்டித்தான் எடுக்கணுமா?
*— வாசகர், தென்காசி*

வாழைப்பழப் பேச்சில் விஷயம் இருக்கிறது. கொடுக்கிலிருந்து கிளம்பும் அபாய வாசனையில் முக்கியமான பொருள் ஐசோஅமைல் அசிடேட், 1962இல் கண்டுபிடித்தது. பழுத்த வாழைப்பழ மணமும் அதுவே. ஒன்று கொட்டினால் அந்த மணத்துக்கு மற்றவை கிளம்பி வரும். அதனால் கொட்டு வாங்கியதும் அங்கேயே நின்று தேய்க்காமல் முதலில் தள்ளிப் போங்கள்.

கிள்ளலாமா சுரண்டலாமா என்ற சண்டையை 1996இல் தீர்த்துவிட்டார்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்பது பொருட்டில்லை, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான். கழன்ற கொடுக்கு தானாகவே விஷத்தை இறைத்துக்கொண்டிருக்கும். சுரண்டுவதற்கு ஒரு கார்டு தேடும் நேரத்தில் முழுவதும் இறங்கிவிடும். நகத்தால் எடுத்துப் போடுங்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பு உங்கள் விருப்பம், வெற்றிலைக்கு நல்லது. மூச்சு இழுத்தாலோ, தொண்டை, உதடு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் போங்கள்.